கிராவல் குழிக்கு அருகில் கட்டடம் இருந்தால்: சரிவின் உறுதியைக் கணிப்பது எப்படி

சித்திரை வெயிலில் ஒரு கிராவல் குழியின் மண்சுவரைக் கடப்பாரையால் குத்தினால், பாறையைக் குத்தியதுபோல் கை அதிரும். ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய சுவர், பொக்லைனின் பல் பதிந்த தடம்கூட அழியாமல் அப்படியே நிற்கும். இத்தனை ஆண்டுகளாக நிற்கிறதே, இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று குழிக்கு மேலே வீடு கட்டியிருப்பவரும் சொல்வார், குத்தகை எடுத்தவரும் சொல்வார். ஆனால் அதே சுவர் ஐப்பசி மழையில் மூன்று நாள் ஊறிய பிறகு எப்படி நிற்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வறண்ட நாளில் நிற்கும் உயரம் எதற்கும் சான்று ஆகாது. ஊறிய நாளுக்கான கணக்கைப் போட்டுப் பார்க்காமல், அருகிலுள்ள கட்டடம் பாதுகாப்பானது என்று எவரும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் சாலைக்கும் மனை மேடாக்கவும் தோண்டப்பட்ட சரளைக் குழிகளையும், அவற்றை ஒட்டி நிற்கும் வீடு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, மின்கம்பம், கோயில், கண்மாய்க் கரை ஆகியவற்றையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். களத்துக்குப் புதிதாகப் போகும் பொறியாளருக்கும், தன் வீட்டைப் பற்றிக் கவலைப்படும் உரிமையாளருக்கும் இது பயன்படும். முதற்கட்டக் கணிப்பை யாரும் செய்யலாம். அது எந்த இடத்தில் முடிந்து மண்பொறியியல் வல்லுநரின் வேலை தொடங்குகிறது என்பதையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

செங்குத்துச் சுவர் ஏன் நிற்கிறது

சரளை மண்ணின் வலிமைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, கல்லும் மணலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உரசுவதால் வரும் உராய்வு. இது மழையானாலும் வெயிலானாலும் பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று, துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒட்டுத்திறன். இந்த இரண்டாவதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. மண்ணிலுள்ள களியும் இரும்புக் கலவையும் தரும் ஒட்டு ஓரளவு நிலையானது. ஆனால் வறண்ட மண்ணில் நாம் காணும் ஒட்டில் பெரும்பங்கு, துகள்களுக்கு இடையே மீந்திருக்கும் சிறிதளவு ஈரம் அவற்றை உள்ளிழுத்துப் பிடிப்பதால் வருவது. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கோபுரம் கட்டுவது இந்தப் பிடிப்பால்தான். அலை வந்து மணலை நிறைத்ததும் கோபுரம் கரைந்து உட்கார்ந்துவிடுகிறது. ஈரம் கொஞ்சமாக இருக்கும்வரை பிடிப்பு, நிறைந்துவிட்டால் பிடிப்பு இல்லை.

இதை எண்ணில் பார்த்தால் விளங்கும். செங்குத்தாக வெட்டிய மண் தாங்கக்கூடிய உயரத்துக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒட்டுத்திறனை நான்கால் பெருக்கி, மண்ணின் அலகு எடையால் வகுத்து, நாற்பத்தைந்து பாகையோடு உராய்வுக் கோணத்தின் பாதியைக் கூட்டி வரும் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். உராய்வுக் கோணம் (மண்ணின் உராய்வு வலிமையைக் குறிக்கும் கோணம்) 35 பாகை, அலகு எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், ஒட்டுத்திறன் 10 கிலோபாஸ்கல் என்று கொண்டால் விடை ஏறத்தாழ 4 மீட்டர். மழையில் ஊறி ஒட்டுத்திறன் 2 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிட்டால், வேறு எதுவும் மாறாமலே விடை 0.8 மீட்டராகச் சுருங்கிவிடும். ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நின்ற சுவர், இடுப்பளவு உயரத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லாததாகிவிடுகிறது. மேல் விளிம்பில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் இந்த எண்களில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணை இனம் காணுதல்

கிராவல் என்ற ஒரே சொல்லால் குறைந்தது மூன்று வேறுபட்ட மண்களை நாம் அழைக்கிறோம். மூன்றும் மூன்று விதமாகச் சரியும் என்பதால் முதல் வேலை, எது நம் முன்னே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது.

புதுக்கோட்டை, சிவகங்கை, கடலூர் பக்கங்களிலும் சென்னைக்கு வடக்கே செங்குன்றம் பகுதியிலும் கிடைப்பது செம்புறாங்கல் சார்ந்த செந்நிறச் சரளை. மேலே இரண்டு மூன்று மீட்டர் இரும்புச்சத்தால் இறுகி ஓடுபோல் இருக்கும். அதற்குக் கீழே நிறம் வெளுத்து, மஞ்சளும் வெள்ளையும் கலந்த மென்மையான களிமண் வரும். மேலோட்டைப் பார்த்து உறுதி என்று முடிவு செய்வது இங்கே நிகழும் பெரிய தவறு. கீழ் அடுக்கு மழைநீரில் கரைந்து குடையும்போது, மேலோடு தாழ்வாரம்போல் துருத்தி நின்று, ஒருநாள் முழுத் துண்டாக விழும்.

கோவை, ஈரோடு, கரூர் வட்டாரத்தில் எடுப்பது பெரும்பாலும் பாறை மக்கி உண்டான மொரம்பு. பார்வைக்கு மண்ணாக இருந்தாலும், தாய்ப்பாறையில் இருந்த வெடிப்புத் தளங்கள் அதற்குள் அப்படியே இருக்கும். இந்தத் தளங்கள் குழியின் பக்கம் சாய்ந்திருந்தால், பின்னால் சொல்லப்போகும் எந்தக் கோணக் கணக்கும் செல்லாது. மண் தன் உராய்வுக் கோணத்தை மதிக்காமல், அந்த வழுக்குத் தளத்தின் வழியே இறங்கிவிடும். புதிதாக வெட்டிய முகத்தில் நேர்க்கோடாக ஓடும் கறைகள், விரல் தடிமனில் வெள்ளைக் களிப் பட்டைகள், ஒரே சாய்வில் மழமழப்பாகப் பெயர்ந்து வந்த பரப்புகள் ஆகியவற்றைக் கண்டால் அங்கேயே குறிப்பேட்டை மூடிவிட்டு வல்லுநரை அழையுங்கள்.

மூன்றாவது, பழைய ஆற்றுப்படுகைத் திட்டுகளில் இருக்கும் உருண்டைக் கல் சரளை. இதில் களி குறைவு, ஒட்டு கிட்டத்தட்ட இல்லை. அது நிற்பது உராய்வால் மட்டுமே. ஏமாற்றாத மண் என்று இதைத்தான் சொல்வேன். சரியப் போவதை முதல் நாளிலிருந்தே கற்களை உதிர்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எந்த வகையானாலும் களத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சுவர் தாழ்வாக உள்ள இடத்தில் அதன் நடுப்பகுதியிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்கி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நான் சோதித்த ஒரு குழியில், ஆணியால் கீறினாலும் பொடியாத கட்டி, தண்ணீரில் விட்டதும் பக்கவாட்டில் குமிழிகளை விட்டபடி இரண்டு நிமிடத்துக்குள் தம்ளரின் அடியில் சிவந்த சேறாகப் படிந்துவிட்டது. அந்தச் சுவருக்கு மேலே பதினொரு மீட்டர் தொலைவில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வீட்டுக்காரப் பெரியவர் அந்தத் தம்ளரைக் கையில் வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் விளக்க வேண்டியிருந்ததில் பாதியை அந்தத் தம்ளரே அவருக்குச் சொல்லிவிட்டது. கட்டி ஒரு மணி நேரம் கழித்தும் உருக்குலையாமல் இருந்தால் இரும்பால் இறுகிய உண்மையான ஒட்டு இருக்கிறது என்று பொருள். சில நிமிடங்களில் கரைந்தால், கணக்கில் ஒட்டுத்திறனைச் சுழியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதானால், மண் சோதனைகளுக்கான இந்தியத் தரநிலையாகிய ஐ.எஸ். 2720 தொகுப்பின் 4-ஆம் பகுதிப்படி துகள் அளவுப் பகுப்பாய்வு கேளுங்கள். நறுக்கு வலிமைக்கு, அதாவது மண் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் எதிர்க்கும் வலிமைக்கு, வழக்கமாகப் பயன்படும் சிறிய பெட்டிச் சோதனை, அதாவது 13-ஆம் பகுதி, 4.75 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களை நீக்கிவிட்டே நடக்கும் என்பதையும், சரளை கலந்த மண்ணுக்கு 39-ஆம் பகுதி தனியாக இருப்பதையும் நினைவில் வையுங்கள். மாதிரியை ஊறவைத்துச் சோதிக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். இயல்பு ஈரத்தில் செய்த சோதனையின் முடிவு, வெயில் காலச் சுவரைப் பற்றி மட்டுமே பேசும்.

அளவெடுத்தல்

ஓங்கிய சுவரின் அடியில் நின்று எந்த அளவும் எடுக்க வேண்டாம். சுவரின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் நில்லுங்கள். மேல் விளிம்பிலும் இரண்டு மீட்டருக்குள் போகாதீர்கள், ஏனெனில் கீழே குடைந்திருப்பது மேலிருந்து தெரியாது. மழை பெய்யும்போதும் பெய்து ஓய்ந்த மறுநாளும் குழிக்குள் இறங்கக் கூடாது.

தேவைப்படும் அளவுகள் சில மட்டுமே: குழித்தளத்திலிருந்து மேல் விளிம்பு வரையான உயரம், சுவரின் சாய்வு, விளிம்பிலிருந்து கட்டடச் சுவர்வரை உள்ள கிடைத்தூரம், கட்டடத்தின் அஸ்திவார ஆழம், அஸ்திவாரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகலம். உயரத்தை லெவல் கருவியும் அளவுக்கோலும் கொண்டு எடுப்பது நல்லது. சாய்வைக் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியாலேயே எடுத்துவிடலாம். அஸ்திவார ஆழத்தைத்தான் பலரும் ஊகித்து எழுதிவிடுகிறார்கள். கட்டிய மேஸ்திரியைக் கேளுங்கள். அவர் கிடைக்கவில்லையென்றால் குழிக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு சிறு பள்ளம் எடுத்துப் பாருங்கள். குழியின் பக்கமாகத் தோண்டி, இருக்கிற பிடிப்பையும் குலைக்காதீர்கள்.

கட்டடத்துக்கு எதிரே ஓர் இடத்தில் மட்டும் அளந்து முடித்துவிடாமல், குறைந்தது மூன்று குறுக்குவெட்டுகளை எடுத்துக் கட்டமிட்ட தாளில் அளவுக்கேற்ப வரையுங்கள். நெடுக்குக்கும் கிடைக்கும் ஒரே அளவுகோலை வைத்து வரைய வேண்டும். சாய்வைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட அதுதான் உதவும்.

தாளில் வரைய வேண்டிய இரண்டு கோடுகள்

முதற்கோடு சுமைக்கானது. அஸ்திவாரத்தின் அடிப்பக்க வெளி விளிம்பிலிருந்து குழியை நோக்கி, கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் கீழே ஒரு கோடு இழுங்கள். கட்டடத்தின் எடை மண்ணுக்குள் பரவிச் செல்லும் எல்லை இது. குழியின் எந்தப் பகுதியும் இந்தக் கோட்டைத் தொடக் கூடாது. தவிர அஸ்திவார அடி விளிம்புக்கும் சரிவின் முகத்துக்கும் இடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் கிடைத்தூரம் மண்ணாகவே இருக்க வேண்டும். அஸ்திவாரங்களுக்கான ஐ.எஸ். 1904 தரநிலை, சரிவை ஒட்டிய கட்டடங்களுக்குச் சொல்வது இதுவே.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இரண்டாவது கோட்டை வற்புறுத்துகிறேன். முதற்கோடு, இன்றைக்கு இருக்கும் குழி இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ஊறிய மண் இப்படியே இருக்காது. ஒட்டு போன சரளைச் சரிவின் பாதுகாப்புக் காரணி (பிடித்து நிறுத்தும் விசை, சரியவைக்கும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்பது), உராய்வுக் கோணத்தின் டேன் மதிப்பைச் சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். உராய்வு 35 பாகையாக இருக்கையில், 45 பாகைச் சரிவுக்கு விடை 0.7, ஒன்றுக்குக் கீழே என்றால் நிற்காது. ஒன்றரைக்கு ஒன்று, அதாவது ஒன்றரை மீட்டர் நகர்ந்து ஒரு மீட்டர் இறங்கும் சரிவுக்கு 1.05. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு 1.4. ஆகவே குழியின் அடியிலிருந்து இரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்து, அது நிலமட்டத்தை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். மண் ஓரளவு நிம்மதியாக நிற்கத் தேடிப் போகும் இடம் அதுதான்.

ஓர் உதாரணத்தில் இரண்டையும் பார்ப்போம். குழியின் ஆழம் 5.5 மீட்டர், சுவர் செங்குத்து. வீட்டுச் சுவர் விளிம்பிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கிறது. அஸ்திவார ஆழம் 1.2 மீட்டர், சுவருக்கு வெளியே நீட்டம் 0.3 மீட்டர். அஸ்திவார விளிம்பிலிருந்து குழிச்சுவர்வரை 8.7 மீட்டர். அஸ்திவார அடியிலிருந்து குழித்தளம்வரை 4.3 மீட்டர் இறக்கம். 30 பாகையில் அதற்குத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ 7.5 மீட்டர். முதற்கோட்டின்படி வீடு தேறிவிட்டது, ஒரு மீட்டருக்கு மேல் மிச்சமும் இருக்கிறது. இரண்டாவது கோட்டை இழுத்தால், நிலமட்டத்தில் அது குழியின் அடியிலிருந்து 11 மீட்டரில் வெட்டுகிறது. வீடு 9 மீட்டரில் இருக்கிறது. அஸ்திவார அடி மட்டத்தில் அந்தக் கோடு 8.6 மீட்டரில் இருக்கும். அஸ்திவாரத்தின் விளிம்போ 8.7 மீட்டரில். நடுவே மிஞ்சுவது 10 சென்டிமீட்டர். முதற்கோட்டில் தேறிய வீடு இரண்டாவதில் அந்தரத்தில் தொங்குகிறது.

இந்த உதாரணத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. செங்குத்துச் சுவர் சரியும்போது விழுந்த மண் அடியில் குவிந்து, மீதிச் சுவருக்குத் தாங்கலாகிவிடும். அந்தக் குவியலை யாரும் தொடாமல் இருந்தால், மேல் விளிம்பு பின்வாங்கும் தூரம் 11 மீட்டரில் ஏறத்தாழப் பாதியோடு நின்றுவிடக்கூடும். வீட்டுக்கு மூன்றரை மீட்டர் மிஞ்சும். ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. சரிந்து விழுந்த மண் வெட்டாமலே கிடைத்த லோடு என்று டிப்பரில் ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை அள்ளும்போதும் சுவர் மீண்டும் செங்குத்தாகி, அடுத்த மழைக்கு இன்னொரு துண்டு விழுகிறது. கட்டடம் அருகே இருக்கும் குழியில் சரிந்த மண்ணை அள்ளாதீர்கள் என்ற ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால்கூடப் பல வீடுகள் தப்பும்.

நிலமும் கட்டடமும் தரும் அடையாளங்கள்

மேல் விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசலே முதன்மையான அடையாளம். களிமண் காய்ந்து வெடிக்கும் விரிசல் வலைபோல எல்லாத் திசையிலும் போகும். சரிவின் விரிசல் விளிம்பையொட்டி வில்போல் வளைந்து போகும். அதன் இரு கரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, குழிப்பக்கக் கரை தாழ்ந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் மண் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது. விரிசலின் வயதும் முக்கியம். உள்ளே சிலந்தி வலையும் சருகும் படிந்து ஓரங்கள் மழுங்கியிருந்தால் பழையது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே மண் பச்சையாக, அறுந்த வேர்கள் வெள்ளையாகத் தெரிந்தால் அது சில நாள்களுக்குள் திறந்தது.

விளிம்போரத்து மரங்கள் நிமிர்ந்திருக்கின்றனவா, மின்கம்பியின் தொய்வு மாறியிருக்கிறதா, வேலிக்கால்கள் குழியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தில் சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, செங்கல் இணைப்புகளைப் படிக்கட்டுபோல் பின்பற்றும் வெடிப்பு, திடீரென்று இடிக்கத் தொடங்கிய கதவு, சுவரைவிட்டு விலகிய திண்ணை ஆகியவை அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்பவை. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்புகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வெடிப்பு வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். நில விரிசலுக்கு இரு பக்கமும் ஒரு முழ இரும்புக்கம்பியை அடித்து, தலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் அளவில் வாரம் ஒருமுறையும், மழைக்காலத்தில் நாள்தோறும் எழுதி வாருங்கள். மொத்த அகலத்தைவிட வேகமே அதிகம் பேசும். இரண்டு மாதம் அசையாமல் இருக்கும் ஐந்து சென்டிமீட்டர் விரிசலைவிட, நேற்று 2 மில்லிமீட்டரும் இன்று 4 மில்லிமீட்டரும் விரிந்த விரிசல் ஆபத்தானது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

சரிவுக்குள் நீர் நிறைந்து அதன் போக்கிலேயே வெளியே கசிந்தால், பாதுகாப்புக் காரணி ஏறத்தாழப் பாதியாகிவிடும். முன்னே இரண்டுக்கு ஒன்று சரிவுக்குச் சொன்ன 1.4, இப்போது 0.7. அத்தகைய இடத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற சரிவே 1.05-ஐத்தான் எட்டும். ஆகவே நீரைத் தேடுவது சாய்வை அளப்பதற்குச் சற்றும் குறைந்த வேலை அல்ல.

மழை மட்டும் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டின் கழிவுநீர்த் தொட்டி குழிப்பக்கமாக இருக்கிறதா, குளியலறை நீர் வெறும் மண்ணில் விடப்படுகிறதா, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் நீர் எங்கே போகிறது, மேலே பாசன வயலோ வாய்க்காலோ இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் கேட்டுக் குறுக்குவெட்டில் வரைந்தால், சரிவுக்குள் நீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். வறண்ட மாதத்தில் சுவரின் ஒரு மட்டத்தில் மட்டும் பச்சைப்புல் வரிசையாக முளைத்திருந்தால், கசிவு அங்கேதான் இருக்கிறது.

கைவிடப்பட்ட குழியில் மழைநீர் தேங்குவது ஒரு விசித்திரமான நிலை. தேங்கிய நீர் தன் எடையால் சுவரை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டு நிற்கும். அதே நேரத்தில் மண்ணுக்குள் ஊறி அதன் ஒட்டையும் பறித்திருக்கும். பயிருக்கோ செங்கல் சூளைக்கோ இரண்டு மோட்டார் வைத்து அந்த நீரை ஓரிரு நாளில் இறைத்துவிட்டால், வெளித்தாங்கல் போய்விடுகிறது, உள்ளிருக்கும் நீரோ அத்தனை வேகமாக வடிவதில்லை. மழையெல்லாம் ஓய்ந்த தை மாதத்தில் காரணமே இல்லாமல் சரிந்தது என்று சொல்லப்படும் சரிவுகளில் இதைத் தேடிப் பாருங்கள். கட்டடத்தை ஒட்டிய குழியில் நீரை இறைத்தே ஆக வேண்டுமென்றால், நாளுக்குச் சிறிது சிறிதாக இறைத்து, விரிசல் அளவையும் உடன் பார்த்து வர வேண்டும்.

முழுக் கணக்கு எப்போது தேவை

முதற்கோட்டைக் குழி தொட்டாலும், இரண்டாவது கோடு கட்டடத்தை எட்டினாலும், புதிய விரிசல் இருந்தாலும், மொரம்பில் சாய்ந்த தளங்கள் தெரிந்தாலும், கட்டடம் நீர்த்தொட்டியாகவோ பள்ளிக்கூடமாகவோ இருந்தாலும் துளையிட்டு மாதிரி எடுத்து, வட்டச் சறுக்குப் பரப்புகளைத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் பிஷப் முறையில் முழு ஆய்வு செய்ய வேண்டும். வல்லுநரின் அறிக்கை கைக்கு வந்ததும் சிலவற்றை நீங்களே சரிபார்க்கலாம். கட்டடச் சுமை சேர்க்கப்பட்டிருக்கிறதா? வீடுகளுக்கு ஒரு தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் என்று கொள்வது வழக்கம். விளிம்போரம் நிற்கும் டிப்பரும் மண் குவியலும் சேர்ந்திருக்கின்றனவா? நீர்மட்டம் மழைக்கால அளவில் வைக்கப்பட்டிருக்கிறதா? ஒட்டுத்திறன் ஊறிய மாதிரியிலிருந்து எடுத்ததா? ஆள்கள் குடியிருக்கும் கட்டடத்தை ஒட்டிய நிரந்தரச் சரிவுக்கு 1.5-க்குக் குறைந்த பாதுகாப்புக் காரணியை நான் ஏற்க மாட்டேன்.

விதிகள் தரும் அளவுகோல்

1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளில் 106-ஆம் விதி, சரளை, மொரம்பு, களி போன்ற நிலத்தில் பக்கச் சரிவு 45 பாகையைத் தாண்டக் கூடாது, அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத உயரமும் அந்த உயரத்துக்குக் குறையாத அகலமும் கொண்ட படிகளாக வெட்ட வேண்டும் என்று வகுத்தது. அடியைக் குடைந்து மேலே துருத்தவிடுவதையும் தடுத்தது. 109-ஆம் விதி, பிறருக்குச் சொந்தமான கட்டடம், பொதுச்சாலை, ரயில்பாதை ஆகியவற்றுக்கு 45 மீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றது. ஆனால் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 6 மீட்டருக்கு மேற்படாத ஆழமும், ஒருநாளில் 50 பேருக்கு மேற்படாத ஆள்களும், வெடிமருந்து இல்லாமையும் கொண்ட சரளைக் குழிகளைப் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கி வைத்தது. வீட்டைச் சாய்க்க 6 மீட்டர் தாராளமாகப் போதும் என்பதை மேலே பார்த்தோம். எனவே விலக்கு பெற்ற குழிக்கும் இந்த அளவுகளை நல்ல நடைமுறையாகக் கருதுங்கள். அவற்றிலும் 45 பாகை என்பது உச்சவரம்பே தவிர, பரிந்துரை அல்ல. குத்தகை எல்லையில் விடும் 7.5 மீட்டர் இடைவெளியும் பக்கத்து நிலத்தின் எல்லைக்கானது; அந்த எல்லையில் ஒரு வீடு இருந்தால் அதற்கு அது போதும் என்று பொருள் கொள்ளக் கூடாது.

ஆபத்து என்று தெரிந்தால்

முதலில் அடியில் மண் எடுப்பதை நிறுத்தச் செய்யுங்கள். விளிம்பிலிருந்து குழியின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு வண்டி, மண் குவியல், கால்நடை எதுவும் வராமல் வேலி போடுங்கள். விரிசலுக்குள் நீர் இறங்காதபடி களிமண்ணால் அடைத்து மேலே தார்ப்பாய் விரித்து, மேட்டுப்பக்கம் சிறு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பி விடுங்கள். அந்த வாய்க்கால் நீர் மீண்டும் குழியின் சுவரிலேயே இறங்கிவிடக் கூடாது. இவையெல்லாம் ஒருநாள் வேலை.

நிலையான தீர்வுகளில் நான் முதலில் பரிந்துரைப்பது, குழியின் அடியில் நல்ல சரளையையும் கல்லையும் அடுக்கடுக்காகக் கொட்டி, இறுக்கி, சுவருக்கு முட்டுக் கொடுப்பதையே. கட்டடத்தின் பக்கத்து மண்ணை வெட்டிச் சரிவைத் தணிக்க அங்கே இடம் இருக்காது. தணித்த சரிவில் வெட்டிவேர் நட்டால் மேற்பரப்பு அரிப்பு குறையும். ஆழச் சரிவை அது தடுக்காது. தடுப்புச்சுவர் கட்டுவதென்றால் வடிகால் இல்லாமல் கட்டவே கூடாது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையின்போது உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் வீடுகள்மேல் இடிந்து விழுந்து 17 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. ஊறிய மண்ணை ஒட்டி எழும் எந்தச் சுவருக்கும் பின்னால் கல்வடிகட்டியும், ஊடே நீர் வெளியேறும் குழாய்களும் வேண்டும்.

மனு கொடுக்கும்போது குறுக்குவெட்டுப் படம், தேதியிட்ட ஒளிப்படங்கள், விரிசல் அளவுகளின் பட்டியல் மூன்றையும் இணைத்து, வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்துக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழி ஆபத்தாக இருக்கிறது என்று மட்டும் எழுதிய மனுவைவிட, விளிம்பிலிருந்து வீடு 9 மீட்டர், ஆழம் 5.5 மீட்டர், விரிசல் பத்து நாளில் 14 மில்லிமீட்டர் விரிந்தது என்று எழுதிய மனுவை ஒதுக்கி வைப்பது கடினம்.

பதிலுக்காகக் காத்திருக்கும் நாள்களில் வீட்டில் உள்ளவர்கள் இரவில் குழிப்பக்கத்து அறையில் படுக்க வேண்டாம். கம்பிகளுக்கு இடையேயான தூரம் அடுத்தடுத்த இரண்டு நாள் கூடிக்கொண்டே போனாலோ, விரிசலின் குழிப்பக்கக் கரை தாழ்ந்தாலோ, ஒட்டிய கண்ணாடி உடைந்தாலோ, சுவரிலிருந்து சிறு கற்கள் இடைவிடாமல் உதிர்ந்தாலோ, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அன்று மாலைக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள். பத்திரங்களையும் மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துக் குழிக்கு எதிர்ப்பக்க வாசலருகே மழைக்காலம் முழுவதும் தயாராக வைத்திருங்கள்.